இல்லாத மனைவியைக் கொன்ற டீச்சர்

கமா டீச்சர் ஆங்கிலத்துக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. கல்லூரியில் சேரப் போன அன்று வேதியியலுக்கு நின்ற வரிசை படிக்கட்டைத் தாண்டி சைக்கிள் கொட்டகை வரைக்கும் வளைந்திருந்தது. ஆங்கில இலக்கியத்துக்கு நின்றவர்கள் நாலே பேர். அதிலும் ஒருவர், தான் நிற்பது தப்பான வரிசை என்று தெரிந்ததும் நழுவிவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது, புதுச் செருப்பு வேறு கடித்தது. மிச்சமிருந்த மூன்று பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தன் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாமே கால் வலியில் எடுத்தவை என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வாள். கல்யாணமும் அந்தக் கணக்கில்தான் சேருமா என்று கணவர் கேட்பார். நாம் முதலில் பார்த்துக்கொண்ட அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டது நீங்கள் ஒருவர்தானே என்று பதில் வரும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் வேலை. இலக்கணத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது தன் வேலை என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அவர் வேலையில் ஆட்கள் வெளியே வந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

'கமா' என்ற பட்டப்பெயர் முதல் வருடமே ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் விடுப்புக் கடிதம் கொடுத்தான். ஒரு முழுப் பக்கம். காய்ச்சல், அத்தை வந்தது, நாய் துரத்தியது, அத்தை போனது, மறுபடி காய்ச்சல், எல்லாம் ஒரே வாக்கியத்தில். "நடுவுல ஒரு கமாவாவது போட்டு மூச்சு விடுடா, படிக்கிற எனக்கு இழுக்குது" என்றாள். மறுநாள் வகுப்பில் நாற்பத்து மூன்று பேரும் சொல்லி வைத்ததுபோல ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கமா போட்டுக் கட்டுரை கொண்டுவந்தார்கள். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. எழுதியதை எழுதியபடியே, ஒவ்வொரு கமாவிலும் நின்று, சத்தமாக வாசிக்கச் சொன்னாள். ஆறாவது பையன் முடிப்பதற்குள் வகுப்பே கையெடுத்துக் கும்பிட்டது. அதன்பின் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தலைமையாசிரியரே ஒருமுறை அறிவிப்புப் பலகையில் 'கமா டீச்சர் விடுப்பு' என்று எழுதிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழித்தார்.

இலக்கணம் நடத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. 'நைஃப்' என்ற சொல்லுக்கு முன்னால் 'கே' என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், "சும்மா நிக்குது. எல்லா ஆபீஸ்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க, சம்பளமும் வாங்குவாங்க" என்பாள். பிள்ளைகள் சாகும்வரை அந்தக் 'கே'யை மறக்க மாட்டார்கள். கவிதை என்று வந்தால்தான் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கவிஞர்கள் நேராகப் பேசாமல் ஏன் இப்படி மென்று விழுங்குகிறார்கள் என்பது அவளுக்குப் பிடிபட்டதே இல்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் ஆறு கவிதைகள் இருந்தன. நடத்தித்தான் ஆக வேண்டும்.

அதில் நான்காவது, ஒரு துருப்பிடித்த கேட்டைப் பற்றியது. பதினாறு வரி. மழை பெய்கிறது, கேட் கிறீச்சிடுகிறது, ஒரு நாய் அடியில் புகுந்து போகிறது, கவிஞர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வருடமும் அதற்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை என்று முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான். படிப்பவர்களுக்கு, பெயிண்ட் அடித்தால் என்ன கேடு என்று தோன்றும்.

வேலையில் சேர்ந்த ஏழாவது வருடம் அந்தக் கேட் கவிதை நடத்த வேண்டிய நாளில் பள்ளி ஆய்வாளர் வந்து சேர்ந்தார். முந்தைய நாள்தான் டீச்சருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. பாடம் தயார் செய்யவில்லை. கவிதையைச் சும்மா வாசிக்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று வந்தவள், கடைசி பெஞ்சில் கண்ணாடியும் நோட்டுமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பிள்ளைகள் வாசித்து முடித்தார்கள். ஆய்வாளர் தொண்டையைக் கனைத்து, அவர் ஏன் பெயிண்ட் அடிக்கவில்லை என்று வகுப்பைக் கேட்டார். வகுப்பு டீச்சரைப் பார்த்தது. டீச்சர் கவிதையைப் பார்த்தாள். கவிதை அவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

அப்போது வாய் தானாகத் திறந்துகொண்டது. வலியில் குரல் கம்மியிருந்தது. அந்தக் கேட்டுக்குக் கடைசியாகப் பெயிண்ட் அடித்தது கவிஞரின் மனைவி என்றாள். அந்த அம்மாள் இறந்துவிட்டாள் என்றாள். மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் அவள் கை பட்ட இடம் மறைந்துபோகும், அதனால்தான் வருடா வருடம் தள்ளிப் போடுகிறார் என்றாள். சொல்லும்போது கன்னம் விண்ணென்று தெறித்ததில் கண்ணில் நீர் முட்டியது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி விசும்பினாள். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஆறு மாதத்துக்கு முன்புதான் மனைவி தவறியிருந்தார் என்பது டீச்சருக்குப் பிறகுதான் தெரிந்தது. போகும்போது அவளைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்புக்குப் பிறகு, மனசறிந்து சொன்ன பொய்யைத் திரும்ப எடுப்பது அவளுக்கு முடியாத காரியமாகிவிட்டது.

அப்படியே விட்டிருந்தாலும் அது அந்த வகுப்போடு போயிருக்கும். ஆனால் பக்கத்து வகுப்பில் கைடு மாஸ்டர் இருந்தார். அவரும் ஆங்கில ஆசிரியர்தான். 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்ற பெயரில் வருடா வருடம் வெளிவரும் பரீட்சைக் கைடை எழுதுபவர் அவர். குழு என்பது அவரும் அவருடைய மச்சானும். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு தட்டி. தட்டிக்குக் காது உண்டோ இல்லையோ, கைடு மாஸ்டருக்கு நன்றாகவே உண்டு. அடுத்த வருடக் கைடில் 'கேட் என்பது கவிஞரின் மறைந்த மனைவியின் குறியீடு' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அதற்கடுத்த வருடம் ஆசிரியர் பயிற்சியில் யாரோ அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். அதற்கும் அடுத்த வருடம் பொதுத்தேர்வில் கேள்வியாகவே வந்துவிட்டது: மனைவியின் மறைவால் கவிஞர் அடையும் துயரத்தை விளக்குக. ஐந்து மதிப்பெண்.

அதன்பின் அந்த அம்மாளுக்கு ஓய்வே கிடையாது. ஒரு கைடில் நெடுநாள் நோயில் போனாள். இன்னொன்றில் பிரசவத்தில் போனாள். மூன்றாவதில் அவளுக்கு இரண்டு குழந்தைகள் இருந்தன, ஒன்று நன்றாகப் படித்தது. வீட்டில் டீச்சர் ஒருநாள் இதைப் புலம்பியபோது கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "பொறக்காத பொம்பளையை வருஷா வருஷம் சாகடிக்கிறீங்களே, உங்க டிபார்ட்மெண்டைக் கேக்க ஆளே இல்லையா?" என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பதினெட்டு வருடம் அவளே அதை நடத்தினாள். வேறு வழி? பரீட்சையில் மனைவியை எழுதாத பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் போகும். தன் பொய்க்காக அவர்கள் தோற்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்வாள். அந்த நியாயம் அவளுக்கு வசதியாகவும் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கேட் கவிதை நடத்தும் நாளில் மட்டும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கரும்பலகையிலேயே எழுதித் தள்ளுவாள். அன்றைக்கு டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பாள். இடையில் அந்த விடைத்தாள் வந்தது.

பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாம் ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் நடந்தது. ஒரு மேசைக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு சிவப்புப் பேனா, காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. விசிறி சுற்றினால் தாள் பறக்கும், நிறுத்தினால் ஆள் வேகும். பெயர் கிடையாது, பள்ளி கிடையாது, தாளின் மேல் வெறும் எண். மதியக் கட்டில் பதினோராவது தாளில் அவள் கேட் கேள்விக்கு வந்தாள். எழுத்து இடப்பக்கம் சாய்ந்து, காற்றில் நிற்கும் பயிர்போல இருந்தது. ஆங்கிலம் தப்பும் தவறும். ஆனால் என்ன சொல்கிறோம் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

'இந்தக் கவிதையை ஐந்து தடவை படித்தேன்' என்று தொடங்கியது விடை. 'இதில் மனைவி இல்லை. மழை இருக்கிறது, நாய் இருக்கிறது. என் அப்பாவும் எங்கள் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிறார். அவருக்குத் துயரம் ஒன்றும் இல்லை. சோம்பேறி, ஆனால் சந்தோஷமாக இருக்கிறார். இந்தக் கவிஞரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். மனைவி இருந்திருந்தால் எப்போதோ அடிக்க வைத்திருப்பாள்.'

டீச்சர் சிரித்துவிட்டாள். சாதாரணச் சிரிப்பு அல்ல. அந்தக் கூடத்தில் நூற்றிருபது பேர் தலை தூக்கிப் பார்க்கிற மாதிரியான சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. பிறகு மறுபடி படித்தாள். இந்த முறை சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடத்தில் புத்தகத்தைத் திறந்து அதில் என்ன இருக்கிறது என்று பார்த்த முதல் பிள்ளை இதுதான். ஐந்துக்கு ஐந்து போட்டுச் சுழித்தாள்.

மேசைக்கு மேற்பார்வை பார்க்கும் சீஃப், கறாரான மனிதர். கெட்டவர் அல்ல. விடைக்குறிப்பை உயிருள்ள சொந்தக்காரர்போல மதிப்பவர். தாளைப் பார்த்துவிட்டு அதை அவள் முன் வைத்தார்.

"என்ன டீச்சர் இது? கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்ல. பூஜ்யம் போடுங்க."

"பதில் சரிங்க சார். கேள்விதான் தப்பு."

"கேள்வி எப்படிம்மா தப்பாகும்? பதினஞ்சு வருஷமா கேக்கறாங்க."

"அந்தப் பொம்பளையை நான்தான் சார் உண்டாக்கினேன். எனக்குப் பல் வலி. ஆய்வாளர் வந்துட்டாரு. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

சீஃப் அவளைக் கவலையோடு பார்த்தார். காலையில் சாப்பிட்டாளா என்று கேட்டார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அவள் முதலிலிருந்து முழுவதையும் சொன்னாள், தட்டி உட்பட. சீஃப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விடைக்குறிப்பில் மனைவி இருக்கிறாள், கைடுகளில் இருக்கிறாள், பயிற்சிக் கையேட்டில் இருக்கிறாள், ஆகவே இருக்கிறாள் என்றார். கவிதையில் இல்லையே என்றாள் டீச்சர். கவிதையில் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், இதுகூடத் தெரியாமல் இத்தனை வருடம் எப்படி இலக்கியம் நடத்தினீர்கள் என்று அவர் கேட்டார்.

சாட்சிக்குக் கைடு மாஸ்டரை அழைத்தார்கள். அவர் ஓய்வு பெற்று, இப்போது தேர்வு வாரியத்துக்குப் பாட நிபுணராக இருந்தார். அதே கூடத்தின் மறுகோடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. பாவமாகத்தான் பார்த்தார். அந்தக் குறியீட்டைத் தான் பல மாதம் ஆராய்ந்து கண்டுபிடித்ததாகச் சொன்னார். டீச்சர் அவர் கண்ணையே பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. மனுஷன் அதை மனதார நம்பிக்கொண்டிருந்தார். தட்டி, பன் கன்னம், விசும்பல் எல்லாம் அவர் நினைவிலிருந்து சுத்தமாகக் கழுவிப்போயிருந்தன. தான் பெற்ற பொய்யை இன்னொருவர் தன் பிள்ளை என்று கொஞ்சுவதைப் பார்க்க அவளுக்கு எரிச்சல் வந்தது. நியாயமாகப் பார்த்தால் நிம்மதிதானே வர வேண்டும்? வரவில்லை.

பூஜ்யம் போட மாட்டேன் என்று பேனாவை மூடி மேசையில் வைத்தாள். தாளைத் தனியாக உறையில் போட்டு ஒட்டினார்கள். ஏன் விடைக்குறிப்பை மீறினீர்கள் என்று ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று கையில் ஒரு கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அலுவல் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் விளக்கக் கடிதம் வரவில்லை. முதல் வரைவு நாலு பக்கம். கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நீ தப்பு பண்ணியா, மத்தவங்க பண்ணாங்களான்னு தெரியல."

"ரெண்டு பேரும்தான்."

"அப்போ உன்னோடதை மொதல்ல எழுது. லிஃப்ட் நின்னா நாங்களும் மொதல்ல எங்க வயரைத்தான் பாப்போம்."

இரண்டாவது வரைவு அரைப் பக்கம். அன்று மாலை பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியவள், கவிதைகளை அனுமதியோடு எடுத்துப் போட்டதற்கான நன்றிக் குறிப்பில் அந்தக் கவிஞரின் பதிப்பாளர் முகவரி இருப்பதைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தை அவள் திறந்ததே இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. விளக்கத்தின் நகலோடு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். உங்கள் மனைவியைப் பற்றித் தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும், உங்களுக்கு மனைவி உண்டா என்று கேட்டிருந்தாள்.

விளக்கத்தை வாரியம் வாங்கி வைத்துக்கொண்டது. மூச்சு விடவில்லை. ஐந்தாவது வாரம் கவிஞரிடமிருந்து பதில் வந்தது. நடுங்கும் கையெழுத்து, எண்பதைத் தாண்டிய கை. தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று எழுதியிருந்தார். அது வாடகை வீடு, பெயிண்ட் அடிக்க வேண்டியது வீட்டுக்காரர், அந்த ஆள் கடைசிவரை அடிக்கவில்லை, தானும் அடிப்பதில்லை என்ற கோபத்தில் எழுதியதுதான் அது. பள்ளிப் பிள்ளைகள் இத்தனை வருடமாகத் தனக்காக அழுதிருக்கிறார்கள் என்பது வெட்கமாகவும் கொஞ்சம் சுகமாகவும் இருக்கிறது. கீழே இன்னொரு வரி: 'நீங்கள் உண்டாக்கிய மனைவி நன்றாக இருக்கிறாள். எனக்குத் தோன்றியிருந்தால் கவிதை இன்னும் நன்றாக வந்திருக்கும்.'

அந்த வரியை டீச்சர் பலமுறை படித்தாள். தன் மேல் வைத்திருந்த கோபத்தில் ஒரு பங்கு அங்கேயே இறங்கிவிட்டது. கணவரிடம் காட்டினாள். "வீட்டுக்காரன் மேல கோபமா? இதைக் கவிதைலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே மனுஷன்" என்றார் அவர்.

கடிதத்தின் நகலை வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். வாரியம் கூடியது. கூட்டத்தில் ஒருவர், கவிஞருக்குத் தன் கவிதையைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு, விடைக்குறிப்பை மாற்ற உரிமை இல்லை என்று பேசியதாக டீச்சருக்குப் பிறகு தெரியவந்தது. கைடு மாஸ்டர், கவிஞருக்கு வயதாகிவிட்டதால் மனைவியை மறந்திருக்கக்கூடும் என்றாராம். இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்டு கடைசியில் யாருக்கும் நோகாத முடிவுக்கு வந்தார்கள். கேள்வி 'சர்ச்சைக்குரியது' என்று சொல்லி அதை எழுத முயன்ற எல்லாருக்கும் ஐந்து மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். மனைவிக்காகப் பக்கம் பக்கமாக அழுதவர்களுக்கும் ஐந்து, கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கிய பையனுக்கும் ஐந்து. கவிதையைப் பாடப்புத்தகத்திலிருந்து தூக்கினார்கள். டீச்சரை இரண்டு வருடம் தாள் திருத்த வரக்கூடாது என்றார்கள். அதைக் கேட்ட கணவர், தண்டனையை ஐந்து வருடமாக்கச் சொல்லி மனுப் போடலாமா என்று கேட்டார். அடுத்த வருட வெயில் காலத்தில் இருவரும் முதல்முறையாகப் பத்து நாள் வெளியூர் போய் வந்தார்கள்.

அந்த எண்ணுக்குரிய பிள்ளை யார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்டுப் பார்த்தாள். விதி இடம் கொடுக்காது என்றார்கள். பெண்ணா பையனா என்பதுகூடத் தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தன் விடை ஒரு கவிதையையே புத்தகத்தை விட்டு வெளியேற்றியது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஜூனில் புதிய புத்தகம் வந்தது. கேட் இருந்த பக்கத்தில் வேறொரு கவிதை, வேறொருவர் எழுதியது. ஒரு மனிதன் தினமும் ஒரே பேருந்துக்காகக் காத்திருந்து அதை வேண்டுமென்றே தவற விடுகிறான். டீச்சர் பத்தாம் வகுப்பில் அதை வாசிக்க வைத்தாள். பிள்ளைகள் வாசித்து முடித்து, பேனா மூடியைக் கழற்றி, அர்த்தத்தை எழுதிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்தார்கள்.

"அவன் ஏன் பஸ்ஸை விடறான்?" என்று கேட்டாள்.

ஒருத்தி எழுந்து, "நீங்க சொல்லுங்க டீச்சர், எழுதிக்கறோம்" என்றாள்.

"எனக்குத் தெரியாது."

வகுப்பு ஒரு கணம் ஆடிப்போனது. ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், டீச்சருக்குத் தெரியாதாம்டா என்று, ஏதோ கட்டடம் இடிந்து விழுந்த செய்திபோலச் சொன்னான். பிறகு மெல்ல ஆரம்பித்தது. அவனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை என்றாள் ஒருத்தி. ஓட்டுநர் அவன் அண்ணன், இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்றான் இன்னொருவன். பின்பெஞ்சிலிருந்து வந்த விளக்கம் பச்சையாக இருந்தது. டீச்சர் அவனை முறைத்து உட்கார வைத்தாள், வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். மொத்தம் ஏழு விளக்கம். ஒவ்வொன்றுக்கும், கவிதையில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். மூன்று அங்கேயே விழுந்துவிட்டன. நாலு நின்றன.

அடுத்த வாரம் ஒரு தகப்பன் நேராக ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். ஆங்கில டீச்சருக்கே பதில் தெரியவில்லை என்று மகள் வீட்டில் வந்து சொல்கிறாள், இது என்ன பள்ளிக்கூடம் என்று கேட்டார். டீச்சர் வாதாடவில்லை. புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் நின்றபடியே, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலே போனார்.

"ஏன் டீச்சர், இவனுக்கு அந்த பஸ்ல போறதுக்கு என்ன கஷ்டம்?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்" என்று டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க."

அவர் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாம் முறையாக முதல் வரியில் விரலை வைத்தார்.